பதினாலு கிராம்

“ஒரு மான் நின்ன எடத்துலயே உழுகோணும்னா எத்தனை கிராம் ஈயம் வேணும்? நீயே சொல்லு அம்மணி.”

அண்ணன் சென்னியப்பன் சௌந்திரத்திடம் இப்படிக் கேட்டது போன ஐப்பசியில். பாதி விளையாட்டாகத்தான் கேட்டான். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, அவள் கொடுத்த காப்பியை ஊதிக் குடித்துவிட்டு, மடியிலிருந்த துணிப்பையை அவிழ்த்து அவளுடைய தராசுக்குப் பக்கத்தில் கவிழ்த்தான். ஈயக்குண்டுகள் நாலாபக்கமும் உருண்டன. அவள் முந்தானையை விரித்து அணைபோட்டு நிறுத்தினாள். தராசுக்குப் பக்கத்தில் அவள் கோத்துக்கொண்டிருந்த கொலுசு மணிகள் ஒரு தட்டில் வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தன. ஈயம் அவற்றுக்குப் பக்கத்தில் மழைமேகத்தின் நிறத்தில் கிடந்தது.

“வெள்ளி நிறுக்கற தராசுல ஈயத்த ஏத்துனா லட்சுமி கோவிச்சுக்குவாளா?” என்றான் சென்னியப்பன்.

“தராசுக்கு என்னங்கண்ணா தெரியும்? அதுக்கு எல்லாம் ஒண்ணுதானுங்க.”

திண்ணையில் படுத்திருந்த அவள் புருஷன் தமிழரசு கண்ணைத் திறக்காமலே சிரித்தான். “உங்கண்ணன் குண்ட நிறுத்து முடிக்கறதுக்குள்ள மான் பேரன் பேத்தி எடுத்துரும்.”

தமிழரசு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருப்பான். அந்தப் பத்து நாளில் மைத்துனனும் அவனும் விடிவதற்கு முன் காட்டுக்குப் போவதுண்டு. இருவரிடமும் அப்பன் காலத்துத் துப்பாக்கிகள் இருந்தன, பயிரைக் காக்கப் பன்றி சுடுவதற்கென்று உரிமம் வாங்கியவை. பன்றியைச் சுடப்போகிறோம் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். கொண்டுவருவது பெரும்பாலும் வேறாக இருக்கும். தமிழரசின் துப்பாக்கிக்குச் சின்ன வாய். ஒன்பது கிராம் சொச்சத்துக்கு மேல் உள்ள குண்டு அதற்குள் இறங்காது. சென்னியப்பனுடையது அகன்ற வாய். பத்து கிராம் குண்டைத் துணி சுற்றிப் போட வேண்டும், பதினாலு கிராம் என்றால் தானாகவே பிடித்து நிற்கும்.

அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. புரட்டாசியில் அவன் பத்து கிராம் குண்டால் ஒரு பெட்டைமானைச் சுட்டான். அது விழவில்லை. ஓடிவிட்டது. மூன்றாம் நாள் சௌந்திரத்தின் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் நாற்றம் எடுத்தது. முதலில் பார்த்தது அவள்தான். கிழங்குச் செடிகளுக்கு நடுவே அது சுற்றிச் சுற்றி வந்து மண்ணைக் குளம்பால் பறித்திருந்தது. ஒரு நாள் முழுக்கவாவது உயிரோடு கிடந்திருக்க வேண்டும். வயிற்றில் குட்டி இருந்தது. மாமியார் மாரக்காள்தான் குழி வெட்டினாள். சௌந்திரம் அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

அதனால் அண்ணன் கேட்டபோது அவளுக்கு விளையாட்டு வரவில்லை. பன்னிரண்டு கிராம் குண்டை ஒரு உள்ளங்கையிலும் பதினாலை மற்றொன்றிலும் வைத்துப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். பனமரத்துப்பட்டியிலிருந்து டவுன் பஸ் ஏறிப் போய், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பதினோரு வருஷம் எடை போட்டவள். காலையில் வேலைக்காரர்களுக்கு வெள்ளியை நிறுத்துக் கொடுப்பாள். சாயங்காலம் அது கொலுசாகத் திரும்பும்போது நிறுத்து வாங்குவாள். அராவியதில், மெருகு போட்டதில் கொஞ்சம் குறைந்து வரும். குறைவது இயல்பு. எதையும் சேர்க்காமல் எடை கூடி வந்த நாள் அந்தப் பதினோரு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பழக்கத்தில் அவள் உள்ளங்கையே ஒரு தராசாகிவிட்டிருந்தது. கல்யாணமான புதிதில் தமிழரசு இதைக் கண்டுபிடித்துவிட்டு, வெளியூரிலிருந்து வரும்போதெல்லாம் அவள் கண்ணைப் பொத்தி எதையாவது கையில் வைப்பான். எலுமிச்சம்பழம், லாரிச் சாவி, ஒருமுறை நாக்பூரிலிருந்து கொண்டுவந்த ஆரஞ்சுச் சுளை. “எத்தனை சொல்லு?” அவள் சொல்வாள். தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, தானே ஜெயித்ததுபோல் குதிப்பான்.

“கொல்றதுன்னு ஆயிப்போச்சுன்னா கொன்னுரோணுமுங்கண்ணா,” என்றாள். “அரைகொறையா உட்டு, அது நாள் முழுக்க மண்ணப் பறிச்சுக்கிட்டுக் கெடக்கறது பாவம். பதினாலே போடுங்க. ஒரே அடில உழுகட்டும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. பதினாலு கிராம் அச்சில் வார்த்த குண்டுகள் இருபது இருந்தன. ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். உள்ளே காற்றுக் குமிழி விழுந்து எடை குறைந்தவற்றைத் தள்ளினாள். பிசிறு இருந்தவற்றை அரத்தால் தேய்த்து மறுபடி நிறுத்தாள். கடைசியில் பன்னிரண்டு தேறின. பதின்மூன்று புள்ளி ஒன்பதுக்குக் கீழே ஒன்றும் இல்லை, பதினாலு புள்ளி ஒன்றுக்கு மேலேயும் இல்லை. பட்டறையில் நல்ல சரக்கைக் கட்டிக் கொடுப்பதுபோல் ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து அண்ணனிடம் கொடுத்தாள்.

மார்கழியில் தமிழரசு செத்துப்போனான்.

அன்று நல்ல பனி. விடிந்து, கட்டுத்தறியில் அவள் பால் கறந்துகொண்டிருந்தபோது மலைப்பக்கம் முதல் வெடி கேட்டது. மாடு ஒருமுறை காதை அசைத்தது. மீதிப் பாலைக் கறந்து, உள்ளே வந்து, வடிகட்டி அடுப்பில் ஏற்றினாள். பால் பொங்கி வந்து அவள் அடுப்பை அணைக்கிற நேரத்தில் இரண்டாவது வெடி. ஒரே அடியில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். பதினாலும் போதவில்லையா என்று நினைத்தாள். அந்த நினைப்பை இப்போது திரும்ப நினைக்கும்போது உடம்பு கூசுகிறது.

கொஞ்ச நேரத்தில் சென்னியப்பன் சட்டையெல்லாம் ரத்தமாக ஓடிவந்தான். “மாப்பிள்ளை பாறைல வழுக்கி உழுந்துட்டாரு… அவரு துப்பாக்கி அவரு நெஞ்சுலயே…” வாசலில் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டான். போலீஸ் வந்தது. தமிழரசின் துப்பாக்கியை முகர்ந்து பார்த்து, வெடித்த துப்பாக்கிதான் என்று எழுதிக்கொண்டு போனது. உடலை அறுத்துக் கொடுத்தார்கள். பன்றிக்குப் போனவன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான் என்று ஊர் பேசியது. குடித்துவிட்டுப் போயிருப்பான் என்றும் பேசியது. லாரிக்காரன் என்றால் அதைச் சேர்த்துச் சொல்லாமல் யாருக்கும் வாய் அடங்காது.

இதில் அதிகம் உடைந்தவள் மாரக்காள். ஜவ்வரிசி மில்லில் கிழங்குத் தோல் சீவுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். மில்லில் யாரோ ஒருத்தி, “பன்னிக்கு வெச்ச குறிய உம்மவன் தனக்கே வெச்சுக்கிட்டானாமா?” என்று கேட்டுவிட்டாள். அன்றோடு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அழவும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த மகனுடைய படத்துக்குப் பூ வைக்கவும் விடவில்லை.

“கண்ணால பாத்து நடக்கத் தெரியாதவனுக்கு என்ன பூவு? அவங்கப்பன் நாப்பது வருசம் அந்தத் துப்பாக்கிய வெச்சிருந்தாரு. ஒரு நகத்துல காயம் பட்டிருக்குமா? இவனப் பெத்ததுக்கு என்ற வயித்தச் சொல்லோணும்.”

சௌந்திரம் ஒருமுறை, “போனவரத் திட்டாதீங்கத்தை,” என்றாள்.

“திட்டாம? என்னைய இங்க உட்டுட்டுத் திமிரெடுத்துப் போயிட்டான். திட்டத்தான் செய்வேன்.”

ஏழு மாதமாகச் செத்தவன் அந்த வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். தட்டு விழுந்தால், மாடு கயிற்றை அறுத்தால், மழை தவறினால் அவனுக்குத்தான் திட்டு. சௌந்திரத்துக்குச் சில சமயம் அவன் உத்தரத்துக்குக் கீழே எங்கோ நின்று தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோலவே இருக்கும். எல்லாக் காரியத்துக்கும் சென்னியப்பன்தான் ஓடிவந்தான். அவள் காட்டை அவன்தான் உழுதான். கிழங்குக்கு வண்டி பிடித்தான். வாரம் ஒருமுறை அரிசியும் எண்ணெயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாரக்காளின் கண்ணைப் பார்க்காமல் போவான். அவன் இளைத்திருந்தான். வீட்டிலிருந்த துப்பாக்கியை விற்றுவிட்டான் என்றார்கள்.

ஆடி பிறந்தது. போலீஸ் ஏட்டு போன் செய்தார். கேஸை முடிக்கப் போகிறார்கள், திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து, புருஷன் சாவில் யார்மீதும் சந்தேகம் இல்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். மறுநாள் சென்னியப்பன் ஒரு பிளாஸ்டிக் கவரில் காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். “இதெல்லாம் ஜெராக்ஸு. பத்தரமா வெய்யி. திங்கக்கெழமை காத்தால நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்.”

அவன் போன பிறகு அவள் கவரைப் பிரித்தாள். பிணத்தை அறுத்த டாக்டர் எழுதியது இங்கிலீஷில் மூன்று பக்கம் இருந்தது. இங்கிலீஷ் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். எண்கள் அப்படியில்லை. எண்கள் அவளைத் தேடி வந்து கண்ணில் ஏறும். உயரம், நீளம், ஆழம் என்று வரிசையாக வந்த எண்களுக்கு நடுவே, இரண்டாம் பக்கத்தின் கீழே, ஈயம் என்பதற்கான சொல்லுக்குப் பக்கத்தில், 13.7 என்று இருந்தது. அதற்கடுத்து கிராம் என்பதற்கான ஒற்றை எழுத்து.

அவள் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். சோறாக்கினாள். மத்தியானம் மாரக்காள் தூங்கிய பிறகு, பரண்மேலிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கினாள். தமிழரசின் குண்டுகள் அதில்தான் கிடந்தன. முப்பத்தொரு குண்டுகள். எல்லாவற்றையும் நிறுத்தாள். இருப்பதில் பெரியது ஒன்பது புள்ளி ஒன்று. மீண்டும் நிறுத்தாள். ஒன்பது புள்ளி ஒன்று. ஆடிக்காற்று ஓட்டுச் சந்து வழியாகப் புகுந்தது. தட்டில் ஒன்றும் இல்லாதபோதே தராசில் சிவப்பு எண்கள் துடித்தன, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று, ஐந்து, மறுபடி மூன்று. யாரோ தட்டின்மேல் மூச்சு விடுவதுபோல் இருந்தது. அவள் இரண்டு கையாலும் தட்டைப் பொத்திக்கொண்டாள்.

உடம்புக்குள் போனால் ஈயம் ஊறுமோ என்றுகூட நினைத்தாள். அது பைத்தியக்கார நினைப்பு என்று தெரிந்தேதான் நினைத்தாள். ஒரு குண்டை ஆட்டுக்கறித் துண்டுக்குள் திணித்து ஒரு நாள் முழுக்க வைத்திருந்தாள். எடுத்துத் துடைத்து நிறுத்தாள். ஒன்பது புள்ளி ஒன்று. எலும்பில் பட்டால் தேய்ந்து குறையும். பதின்மூன்று புள்ளி ஒன்பது, பதின்மூன்று புள்ளி ஏழாகலாம். ஒன்பது, பதின்மூன்று ஆகாது.

அதற்குப் பிறகு அவளுக்கு முதல் வெடியும் இரண்டாவது வெடியும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கின. பட்டப்பகலில், மணி கோக்கும்போது, துணி பிழியும்போது. நடுவில் பால் பொங்குகிற அளவு அமைதி. அந்த அமைதிக்குள் என்ன நடந்தது என்பதுதான் அவளைத் தின்றது. வெள்ளைத் துணியில் முடிந்து கொடுத்த பன்னிரண்டு குண்டுகளையும் அவள் விரல்கள் திரும்பத் திரும்பத் தொட்டன. அவற்றில் எது அது என்று தேடின. ஒவ்வொன்றையும் தள்ளவா வைக்கவா என்று பார்த்துத்தானே எடுத்தாள். அதையும் பார்த்து, நல்லது என்று எடுத்து வைத்தாள்.

கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துபோகும். அண்ணன் இருப்பான். காடு உழப்படும். தமிழரசு மட்டும், பெற்றவளே பூ வைக்க மறுக்கிற குருடனாக, குடிகாரனாகச் சுவரில் இருப்பான். போடாவிட்டால் அண்ணனைக் கொண்டுபோவார்கள். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அப்பா செத்தபோது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுடுகாடுவரை நடந்தவன் அவன்.

திங்கட்கிழமை காலையில் சென்னியப்பன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மாரக்காள் வீட்டின் பக்கவாட்டில், சீமைஓடு வேய்ந்த சாய்ப்பில் உட்கார்ந்து வற்றலுக்குக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் படுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“கெளம்பலயா அம்மணி? பத்து மணிக்கு ஏட்டு இருப்பாரு.”

“உக்காருங்கண்ணா. சித்த பேசோணும்.”

“போற வழில பேசிக்கலாம் சாமி.”

“வண்டில பேசற பேச்சு இல்லீங்க.”

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் நின்றுகொண்டே இரண்டாம் பக்கத்தை எடுத்து அவன் பக்கத்தில் வைத்து, பறக்காமல் இருக்க விரலை ஊன்றிக்கொண்டாள். விரல் அந்த எண்ணுக்குக் கீழே இருந்தது.

“அவுரு துப்பாக்கில ஒம்பதுக்கு மேல எறங்காதுங்களே.”

சென்னியப்பன் காகிதத்தைப் பார்க்கவில்லை. “ஆமா.”

“இதுல பதிமூணு புள்ளி ஏழுன்னு போட்டிருக்குதுங்க.”

“ஆஸ்பத்திரித் தராசு நம்முளுது மாதிரி இருக்குமா? அங்க ஆரு பாத்து…”

“அஞ்சு கிராம் தப்புமுங்களாண்ணா?”

காற்றில் வாசல் வேப்பமரம் சாய்ந்து நிமிர்ந்தது. அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தொடைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவன்போல் மெல்லப் பேசினான்.

“மான் உழுந்துச்சு அம்மணி. நின்ன எடத்துலயே உழுந்துச்சு. நீ சொன்னாப்பலயே. நான் சந்தோசத்துல கத்திக்கூடப் போட்டேன். பொறவுதான் பாக்கறேன், அதுக்கு அந்தாண்ட, முள்ளுக்குள்ளருந்து மாப்பிள்ளை எந்திரிச்சு நிக்கறாரு. காக்கிச் சட்டை. பனில ஒண்ணுந் தெரியல. அவரு கெழபொறமா சுத்தி வாரேன்னுதான் போனாரு, அந்தப் பக்கம் எப்புடி வந்தாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. நெஞ்சு மேல கைய வெச்சுக்கிட்டு நின்னாரு. அடிபட்டது அவருக்கே தெரியல. என்னையப் பாத்து, ‘உழுந்துருச்சா?’ன்னாரு.”

சௌந்திரம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“மானுக்குள்ள பூந்து வெளிய போயிருக்குது,” என்றான் அவன். “பன்னெண்டு போட்டிருந்தா உள்ளயே நின்னுருக்கும்.” சொன்ன பிறகு அவனே திடுக்கிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். “உன்னையச் சொல்லல சாமி. அய்யோ, உன்னையச் சொல்லல.”

“ரெண்டாவது வெடி?”

“அவரு துப்பாக்கி. நான்தான்… ஆகாசத்தப் பாத்து.”

“நடுவுல பால் பொங்கற நேரம் இருந்துச்சுங்கண்ணா.”

“அது வரைக்கும் அவரு தலை என்ற மடிலதான் இருந்துச்சு.”

அவள் அழவில்லை. நெஞ்சுக்குள் பதினாலு கிராம் அளவுக்கு ஒன்று இறங்கி உட்கார்ந்திருப்பதுபோல் மட்டும் இருந்தது. அவனை அடிக்க வேண்டும் என்றும், அவன் தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

“கையெழுத்துப் போட வேண்டாம்னா வேண்டாம்,” என்றான் சென்னியப்பன். “நீ என்ன சொன்னாலும் சரி. நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன்.”

அவளுக்கு உடனே கோபம் வந்தது. மறுபடியும் நீ சொல்லு என்கிறான். மறுபடியும் அவள்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். அப்போதுதான் கவனித்தாள், கிழங்கு சீவுகிற சத்தம் இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

மாரக்காள் சாய்ப்பின் மூலையில் நின்றிருந்தாள். கை இரண்டும் முழங்கைவரை கிழங்குப் பாலில் வெளுத்திருந்தன. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஏழு மாதமாக இறுகிக் கிடந்த முகம் என்னவோ ஆகியிருந்தது. சென்னியப்பன் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் முழங்காலிட்டான்.

“அத்தை…”

அவள் அவனைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போனாள். உள்ளே அவள் நடமாட்டம் நின்றது. சுவரில் மாட்டிய படத்துக்கு முன்னால்தான் நிற்கிறாள் என்று சௌந்திரத்துக்குத் தெரிந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். ஒப்பாரி வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாரக்காள் வெளியே வந்தாள். கையைக் கழுவவில்லை. செருப்புப் போடவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இருவருக்கும் நடுவே நடந்து போனாள்.

வாசலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஒரு கிழங்குக் காட்டின் தூரம். சாலைக்கு இந்தப் பக்கம் நின்றால் மாரக்காளின் மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போகிற பஸ் வரும். அந்தப் பக்கம் நின்றால் டவுனுக்குப் போகிற பஸ், ஸ்டேஷன் வாசலிலேயே இறக்கிவிடும். மாரக்காள் வரப்பின்மேல் வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தாள்.

“கூப்புடு அம்மணி,” என்றான் சென்னியப்பன். “நீ கூப்புட்டா நிப்பாங்க.”

நிற்பாள்தான். சௌந்திரத்துக்கும் அது தெரியும். அவள் வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பியில் ஈரமாக என்னவோ ஒட்டியது. பார்த்தாள். மாரக்காள் திறந்துகொண்டு போனபோது பதிந்த கிழங்குப் பால், ஐந்து விரலும் தெளிவாக. வெயில் பட்ட ஓரங்களில் அது காய்ந்து வெள்ளையாக மாறிக்கொண்டிருந்தது.

சாலையில் ஒரு கிழங்கு லாரி போனது. அது கடக்கும்வரை மாரக்காள் ஓரத்தில் நின்றாள். காற்று அவள் சேலையை ஒரு பக்கமாக இழுத்தது. லாரி போன பின், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தார் சுடுமே என்ற நினைப்பே இல்லாமல் வெறுங்காலோடு சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றாள். ஒருமுறைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் வெள்ளைக் கையைத் தூக்கினாள். பஸ் நின்றது, அவளை ஏற்றிக்கொண்டு போனது.